பன்னிரண்டு என்று எழுதியிருந்தது

அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. கைபேசியில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைப் போட்டால், "தெருக்கோடியில வாசிக்கிற மாதிரி இருக்கும்மா" என்கிறார். அவர் கட்டிலருகே வைக்க ஒரு ஆம்ப்ளிஃபையரை நானே கட்ட முடிவு செய்தேன். டிடிஏ2030 என்கிற ஆம்ப்ளிஃபையர் ஐசி (சிப்), ஒரே சேனல். வீட்டில் கிடந்த 8 ஓம் ஸ்பீக்கர் போதும்.

பெங்களூரு அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோடு நடக்கிற தூரம்தான். 12-0-12, அதாவது நடுக் கம்பிக்கு இரண்டு பக்கமும் 12 வோல்ட் ஏசி, ஒரு ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்தேன். ஏசி அலையின் உச்சிக்குப் பன்னிரண்டை 1.414-ஆல் பெருக்கினால் 17, அதை டிசியாக்கும் டையோடுக்கு 0.7 போனால் 16 சொச்சம். ஐசி தாங்குவது பிளஸ் மைனஸ் 18 வோல்ட். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ராத்திரி ஒன்பதரைக்கு சுவிட்சைப் போட்டேன். ஸ்பீக்கரை இன்னும் இணைக்கவில்லை. ஐந்தாறு நொடியில் 'பட்' என்று ஒரு சத்தம். ஐசியின் கறுப்பு உடம்பில் மிளகு அளவுக்கு ஒரு பள்ளம், அதிலிருந்து மெலிசாகப் புகை. "என்னம்மா கருகுது?" என்று அப்பா உள்ளிருந்து கேட்டார். காது போனாலும் மூக்கு கூர்மை.

டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாகக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். நடுக் கம்பிக்கும் ஓரத்துக்கும் 14.2 வோல்ட். பிளக் பாயிண்டில் அந்த நேரத்துக்கு 244. அப்போதுதான் புரிந்தது. மேலே எழுதியிருக்கிற பன்னிரண்டு, 230 வோல்ட் கொடுத்து, முழு ஒரு ஆம்பியரும் இழுக்கும்போது கிடைக்கிற பன்னிரண்டு. சுமையே இல்லாதபோது சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் பத்து, பதினைந்து சதவீதம் கூடுதலாக நிற்பது சகஜம். 14.2-க்குக் கணக்குப் போட்டால் டிசி 19.4. பதினெட்டுக்கு மேல் தாங்காத ஐசி வேறென்ன செய்யும்? பாதுகாப்புக்கு மின் வழியில் ஒரு பல்பைத் தொடராக (சீரீஸில்) போட்டுத்தான் ஆன் செய்திருந்தேன். அது ஷார்ட்டைக் காட்டும், இதைக் காட்டாது.

அதனால் இப்போது நான் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறேன். அப்பாவின் அறைக்கு ஐந்து வாட் தாராளம். 8 ஓமில் அதற்கு உச்சத்தில் ஒன்பது வோல்ட் ஊசலாடினால் போதும். ஐசிக்குள் இரண்டு மூன்று வோல்ட் போய்விடும், ஆக பிளஸ் மைனஸ் 12 வேண்டும். 9-0-9 எடுத்தால் சுமையில் அந்தப் பன்னிரண்டு கிடைக்கும். சும்மா இருக்கும்போது ஏறினாலும் பதினைந்தைத் தாண்டாது.

ஆம்பியர் விஷயத்திலும் ஒன்று உண்டு. ஒரு ஆம்பியர் என்று போட்டிருப்பது ஏசிக்கு. நான்கு டையோடு சேர்ந்த பிரிட்ஜும், மின்னைத் தேக்கி வைக்கும் கண்டென்சரும் போட்ட பிறகு டிசியில் ஏறத்தாழ 0.6 தான் நிம்மதியாக எடுக்கலாம். கண்டென்சர் சீராகக் குடிப்பதில்லை. அலையின் உச்சி வரும்போது மட்டும் மடக்கு மடக்காக இழுக்கிறது, அந்த இழுப்பில்தான் சுருள் சுடுகிறது. அதனால் இரண்டு ஆம்பியர் கேட்டேன்.

கடைக்காரர் என் இரண்டு கையிலும் ஒவ்வொன்றை வைத்தார். "எது அக்கா கனம்?" இரண்டுக்கும் ஒரே அளவு இரும்பு, ஒரே 9-0-9. வலது கையில் இருந்தது தெளிவாகக் கனத்தது. "அது செம்பு. இன்னொண்ணு அலுமினியம்." விலையும் கூடத்தான். சாயங்காலம் முழுக்க ஓடப்போகிற பெட்டி, தூங்குகிறவர் தலைமாட்டில் இருக்கப்போகிறது. குறைவாகச் சுடும் என்று செம்பையே வாங்கினேன்.

சார்ஜரில் இருப்பது போன்ற ஸ்விட்சிங் பவர் சப்ளை, அதாவது எஸ்எம்பிஎஸ் போட்டிருக்கலாமே என்று தம்பி கேட்டான். எல்ஈடிக்கு, மோட்டாருக்கு நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸின் கீச்சு ஆடியோவில் ஏறிவிடும். அதைப் பிறகு துரத்துவது பெரும்பாடு. தவிர எனக்குப் பிளஸ், மைனஸ் இரண்டும் வேண்டும், நடுக் கம்பி உள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதை ஒரே பிரிட்ஜில் கொடுத்துவிடுகிறது.

பக்கத்துக்கு ஒரு 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கண்டென்சர். பிரைமரியில், அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கத்தில், 250 மில்லிஆம்பியர் ஸ்லோ புளோ ஃபியூஸ். பெட்டி இரும்பு, ஆகவே எர்த் கம்பியை முதலில் முடுக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. இதில் யாரும் சுருக்குவழி போகாதீர்கள்.

ஐசி போடுவதற்கு முன்பு மீட்டரை வைத்தேன். அதே ராத்திரி நேரம், டிசி பிளஸ் மைனஸ் 14.1. போட்டேன், பாடியது. ஆனால் அடியில் ஒரு 'ம்ம்ம்'. அப்பாவுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. இன்புட் கம்பி டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிப் போயிருந்தது. கம்பியைத் தள்ளினேன், பாதி குறைந்தது. பிறகு ஸ்க்ரூவைக் கழற்றி டிரான்ஸ்ஃபார்மரையே கையில் பிடித்து மெல்லத் திருப்பினேன். கால்வட்டம் வந்ததும் அந்த முனகல் சட்டென்று அடங்கியது. அங்கேயே புதிதாக ஓட்டை போட்டு இறுக்கினேன்.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா போட்டார். ஏழரைக்குப் போய் இரும்பைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். "சத்தத்தைக் கொஞ்சம் குறைம்மா" என்றார்.