பில் கையில், இன்புட் எங்கே?

திருநெல்வேலியில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதத்தில் மூன்று தேதிகள் எனக்கு மனப்பாடம். 11-க்குள் போன மாத விற்பனை பில்களை ஜிஎஸ்டி போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர்-1 (சுருக்கமாக ஆர்-1) என்ற படிவத்தில் ஏற்ற வேண்டும். 14-ஆம் தேதி 2பி வரும்; நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல் அது. 20-க்குள் 3பி என்ற மாதக் கணக்கைப் போட்டு வரி கட்ட வேண்டும். முதலாளி அண்ணாச்சிக்கு 20 மட்டும்தான் தெரியும். பணம் போவது அன்றுதானே!

எனக்கு வயிற்றைக் கலக்குவது 14. ஆர்-1 நம் கையில் இருக்கிற வேலை. 2பி அடுத்தவர் செய்த வேலை. சரக்கு விற்றவர் தன் ஆர்-1இல் நம் பில்லை ஏற்றியிருந்தால்தான் அது நம் 2பியில் தெரியும். தெரிந்தால்தான் இன்புட் எடுக்கலாம், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிக்கலாம். 2022 ஜனவரியிலிருந்து இதுதான் சட்டம். சரக்கு குடோனில் இருக்கட்டும், பணம் கொடுத்திருக்கட்டும், 2பியில் வராத பில்லுக்கு அந்த மாதம் இன்புட் கிடையாது.

போன வருஷம் மதுரையிலிருந்து ஒயர் காயில் வாங்கினோம். சரக்கு 1,00,000 ரூபாய், சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000. 2பியைப் பிரிண்ட் எடுத்து, கொள்முதல் பதிவேட்டோடு வைத்துச் சிவப்புப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். இந்த ஒரு வரி மட்டும் டிக் இல்லாமல் நின்றது.

போன் போட்டேன். “ஏத்தியாச்சேக்கா” என்றார் அங்கே கணக்குப் பார்க்கும் தம்பி. எந்த ஜிஎஸ்டி எண்ணில் என்று வாசிக்கச் சொன்னேன். முதலில் வரும் 33 சரி, அது தமிழ்நாட்டுக்கான எண். அதற்கப்புறம் ஒன்றுமே நம்முடையது இல்லை. ஒரு எழுத்து தப்பாக அடித்திருந்தால் போர்ட்டலே பிடித்திருக்கும், எண்ணின் கடைசி, 15-ஆவது எழுத்து அதற்குத்தான் இருக்கிறது. இவர் அடிக்கவே இல்லை. எங்கள் கடைப் பெயரிலேயே தேனியில் ஒரு பார்ட்டி இருக்கிறாராம், டேலி என்ற கணக்கு மென்பொருளில் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். தேனிக்காரருக்குக் கேட்காமலே 18,000 ரூபாய் இன்புட்!

திருத்தலாம்தான். ஆனால் வாங்கியவர் எண்ணை அடுத்த மாத ஆர்-1இல்தான் மாற்ற முடியும். ஆர்-1ஐ அதே மாதம் திருத்த 2024-இல் வந்த 1ஏ படிவத்திலும் இதற்கு இடமில்லை. ஆக, இந்த மாதம் 18,000 கையிலிருந்து போகும். இதை அண்ணாச்சியிடம் யார் சொல்வது?

“அவனுக்கு வரியும் சேத்துதானம்மா குடுத்தேன்?”

“ஆமா அண்ணாச்சி. அடுத்த மாசம் வந்துரும்.”

“இந்த மாசம் கட்டாம விட்டா?”

நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அதுபோக வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி என்றேன். பேசாமல் சலானுக்குப் பணம் அனுப்பினார். 3பிக்கான ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். நோட்டு எண்ணிக் கொடுப்பதுபோல ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அடுத்த மாதம் 2பியில் அந்தப் பில் வந்துவிட்டது. இப்போதெல்லாம் 8-ஆம் தேதியே சப்ளையர் எல்லாருக்கும் பில் நம்பரையும் நம் ஜிஎஸ்டி எண்ணையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். மதுரைத் தம்பி மட்டும், ஏற்றி முடித்ததும் ஸ்கிரீன்ஷாட்டே எடுத்து அனுப்புகிறார்.