வளரும் பிள்ளைக்கு ஓர் அளவு பெரிதாக

சென்ற வைகாசியில், சுவிஸின் பேர்ண் நகரத்துச் சைக்கிள் கடையொன்றில், காசோடு போய் நின்ற என்னிடம் பொருளை விற்க மறுத்துவிட்டார்கள். பதினைந்து வயது மகன் இரண்டு கோடை விடுமுறைகளில் வேலை செய்து சேர்த்த பணத்தோடு என் பங்கையும் போட்டு, மலைச்சரிவில் இறங்கி ஓடுவதற்கான டவுன்ஹில் சைக்கிள் ஒன்றை வாங்கப் போயிருந்தோம். முந்திய ஆண்டு வெளிவந்த மாதிரி ஒன்று, மூன்றில் ஒரு பங்கு விலைக்கழிவோடு, எல் அளவில் மட்டும் மிஞ்சியிருந்தது. அங்கே திருத்த வேலை பார்க்கும் இளைஞர் மகனின் உயரத்தைக் கேட்டார். 166 சென்ரிமீற்றர் என்றதும், இந்த அளவை இவருக்கு விற்க மாட்டேன் என்றார். வளரும் பிள்ளைதானே, இன்னும் ஒரு வருடத்தில் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். "அப்படியானால் வளர்ந்த பிறகு வாருங்கள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் ட்ராமில் வீடு வந்து சேரும் வரை அந்தச் சொல் எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

வளரும் பிள்ளை என்ற சொல்லோடுதான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். மடிப்பை வருடா வருடம் அவிழ்த்து இறக்கிய பள்ளிக்கூடக் காற்சட்டையும், முன்னால் துணி அடைத்துப் போட்ட சப்பாத்தும், தோளிலிருந்து வழுகும் தீபாவளிச் சட்டையும் எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்குப் புதினமல்ல. 1989ஆம் ஆண்டு எனக்குப் பதினொரு வயதானபோது, சவூதிக்கு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து அப்பா எனக்கொரு ராலி சைக்கிள் வாங்கினார். 24 அங்குல பிரேம். நெடிய ஆட்களுக்கென்றே செய்யப்பட்டது. திருகோணமலையில் அப்போது சைக்கிளுக்கு அளவு பார்ப்பதென்றால், முழங்கையைச் சீற்றின் மூக்கில் வைத்து விரல் நுனி ஹாண்டிலைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு சீற்றைக் கமக்கட்டுக்குள் கொடுத்து, கையை நீட்டி, விரல் பெடல் அச்சை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு இரண்டும் எட்டவில்லை. அப்பா என் தலையைத் தடவி, எட்டும் என்றார்.

எங்கள் வீடு உவர்மலையில். உள்துறைமுகத்தை நோக்கி இறங்கும் அந்தத் தெருச் சரிவைத் தெரிந்தவர்களுக்கு, பாருக்குள்ளே ஒரு காலை விட்டு, உடலைக் கோணலாக வளைத்து, தலைக்கு மேலே கையைத் தூக்கி ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு பதினொரு வயதுப் பிள்ளை இறங்குவது எப்படி இருக்கும் என்று விளங்கும். அந்தச் சைக்கிளுக்கு வயர் பிரேக் இல்லை, கம்பி பிரேக். ஹாண்டிலுக்குக் கீழே வளைந்து ஓடும் அந்தக் கம்பியை நான்கு விரல்களாலும் சேர்த்து மேலே இழுக்க வேண்டும். ஹாண்டிலைப் பிடித்தால் பிரேக்குக்கு விரல் போதாது; பிரேக்கை இழுத்தால் ஹாண்டில் கையில் நில்லாது. வேகம் பிடித்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது. சரிவின் அடியில் ஒரு வீட்டுக் கிளுவை வேலிக்குள் போய் விழுந்தேன். இடது முழங்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

கடையில் நடந்ததை ஐரோப்பா சதுக்கத்துக் கோயிலில் பூசை முடிந்து நின்றபோது நண்பர்களிடம் சொன்னேன். 2014இல் திறக்கப்பட்ட பல்சமய இல்லத்தின் ஒரு பகுதியாக இருக்கும் அந்தக் கோயில்தான் எங்களில் பலருக்கு இங்கே ஊர்ச்சந்தியும். இணையத்தில் வாங்கினால் மறுப்பதற்கு யார் இருக்கிறார்கள் என்று ஓர் அண்ணன் கேட்டார். அதே விலைக்கழிவு அங்கேயும் இருந்தது. இரண்டு இரவுகள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். கடைசியில் மகன்தான், "அப்பா, அவரிடமே திரும்பப் போவோம், ஏன் இல்லையென்று சொன்னார் என்று கேட்போம்" என்றான்.

அந்த இளைஞர் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் தந்தார். முதலில் எல் அளவுச் சைக்கிளை ஒரு தாங்கியில் நிறுத்தி, மகனை அதன்மேல் ஏற்றினார். சீற்றில் இருக்க விடவில்லை. மலைச்சரிவில் இறங்கும்போது யாரும் சீற்றில் இருப்பதில்லை. இரண்டு பெடல்களையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, பாரம் முழுவதும் பாதத்தில் இறங்க, கை ஹாண்டிலில் இலேசாக நிற்க வேண்டும். ஊரிலே சீற்றுக்குழாயின் நீளத்தை அங்குலத்தில் சொல்லித்தான் பிரேமுக்கு அளவு சொன்னோம். சீற்றில் இருந்து மிதிப்பவனுக்குக் கால்தான் அளவு என்பதால் அது பொருத்தமானது. டவுன்ஹில் சைக்கிளில் சீற் தாழ்ந்து ஒதுங்கிக் கிடப்பதால், அந்தக் கணக்கு அனேகமாக ஒன்றையும் சொல்லாது. அங்கே பார்க்க வேண்டியது ரீச் என்று அவர்கள் சொல்லும் நீளம்: பெடல் அச்சின் நடுவிலிருந்து மேலே ஒரு செங்குத்துக் கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து, ஹாண்டில் திரும்பும் முன்கழுத்துக் குழாயின் மேல்நுனி வரைக்கும் கிடையாக உள்ள தூரம். அதே இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான உயரத்தை ஸ்ராக் என்கிறார்கள். நின்று ஓடுபவனின் உடல் இந்த இரண்டுக்குள்தான் அடங்க வேண்டும்.

அந்த மாதிரியில் எம் அளவின் ரீச் 445 மில்லிமீற்றர், எல் அளவின் ரீச் 470. வித்தியாசம் ஓர் அங்குலம். ஓர் அங்குலத்துக்காகவா இவ்வளவு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எல் அளவில் நின்ற மகனின் முழங்கை நிமிர்ந்து தடிபோல நின்றதை என் கண்ணால் பார்த்தேன். நிமிர்ந்த கை அதிர்ச்சியை விழுங்காது. எட்டிப் பிடிக்கும் உடல் பின்னுக்கே தங்கிவிடும். அப்போது முன்சில்லில் பாரம் குறைந்து, வளைவில் அது பிடியை விட்டு வழுக்கும். அளவு கூடக் கூட இரண்டு சில்லுகளுக்கும் இடையிலான தூரமும் நீளும். நேரான, வேகமான பாதையில் அந்த நீளம் சைக்கிளை அசையாமல் வைத்திருக்கும். நெருக்கமான வளைவுகளில் அதைத் திருப்ப உடல்வலு வேண்டும். அதற்காகச் சின்னதாக வாங்குவதும் சரியல்ல. குட்டையான பிரேமில் உடல் நெரிந்து, செங்குத்தான இறக்கத்தில் ஹாண்டிலுக்கு மேலால் கவிழப் பார்க்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவே நிற்பவர்கள் கையின் நீளத்தையும் தாங்கள் ஓடப்போகும் பாதையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உயர அட்டவணையை மட்டும் நம்பி வாங்குவது தவறு என்பது இப்போது என் உறுதியான எண்ணம். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொரு நிறுவனத்தின் எல் ஆக இருக்கலாம். எழுத்தை விட்டுவிட்டு மில்லிமீற்றரை ஒப்பிட வேண்டும். அந்த மில்லிமீற்றரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. முன்கழுத்து 63 பாகை அளவில் சரிந்திருப்பதால், அடியில் வளையங்கள் போட்டு ஹாண்டிலை 10 மில்லிமீற்றர் உயர்த்தினால், அது 5 மில்லிமீற்றர் அளவுக்கு ஓடுபவன் பக்கம் வந்துவிடும். ஆகவே சிறு குறைகளைப் பிறகு திருத்தலாம். முழு அளவொன்றையே கூட்டி வாங்கிவிட்டு அதைத் திருத்த முடியாது. அதிர்ச்சியை விழுங்கும் சஸ்பென்ஷன் சுருளும் அப்படித்தான். 200 மில்லிமீற்றர் அமுங்கும் சஸ்பென்ஷன், ஆள் ஏறி நின்றவுடனே ஏறக்குறைய 60 மில்லிமீற்றர் இறங்கி நிற்க வேண்டும். மகனின் நிறை 54 கிலோ. நாளைய நிறைக்கென்று கடினமான சுருளைப் போட்டால், இன்றைக்கு அது அமுங்கவே அமுங்காது.

எம் அளவையே வாங்கினோம், விலைக்கழிவு இல்லாமல். 800 மில்லிமீற்றர் அகல ஹாண்டிலை மகனின் தோளுக்கேற்ப 760க்கு வெட்டித் தந்தார். பிறகு ஓர் அலன் கீயை எடுத்து, பிரேக் பிடியிலிருந்த ஒரு சின்னத் திருகாணியைத் திருகினார். கால் சுற்றுத் திருகிவிட்டு, மகனை விரலை நீட்டச் சொன்னார், போதவில்லை. இன்னொரு கால் சுற்று. பிடி மெதுவாக உள்ளே வந்து, ஹாண்டிலைப் பிடித்திருந்த கையின் சுட்டுவிரல் முதல் மடிப்பில் தானாகவே வந்து படிந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றேன். ஒரு பிள்ளையின் விரலுக்குப் பிரேக் கிட்ட வரலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இருபத்திரண்டு வருடங்களில் இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. வாரக் கடைசிகளில் மகனோடு குர்ட்டன் மலைக்குப் போகிறேன். 1899 முதல் ஓடும் கம்பிவட ரயில் சைக்கிள்களையும் எங்களையும் மேலே கொண்டுபோய் விடும். முழுமுக ஹெல்மெட்டையும் முழங்கால் காப்பையும் மாட்டிக்கொண்டு அவன் இறங்க, நான் மேலே நின்று பார்ப்பேன். எதிரே பனிமலைகள், கீழே ஆரே ஆறு வளைத்தோடும் நகரம். இனி இதுதான் என் ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஆற்றின் வளைவு உள்துறைமுகமாகிவிடும். சீனக்குடாப் பக்கத்துக் கரை தெரிகிறதா என்று கண் தேடும்.

ஆடியில் ஊருக்குப் போனோம். ராலி இன்னும் பின்கோடியில் நிற்கிறது. ரயர் மாற்றி, எண்ணெய் போட்டு, அம்மா அதைத் தெருப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுத்து வருகிறார். கடைக்காரர் மறுத்த கதையை அம்மாவிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவன் சொன்னது சரிதான்" என்றார். சற்று நேரம் கழித்து, அரிசி புடைத்த சுளகை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த நேரம் பிள்ளையள் வளருவினமோ எண்டே ஆருக்கும் தெரியாது. நீ வளருவாய் எண்டு நினைச்சுத்தான் அப்பா பெரிசா வாங்கினவர்."

அன்று பின்னேரம் மகன் ராலியை வெளியே எடுத்தான். முழங்கையைச் சீற்றின் மூக்கில் வைத்துப் பார்க்கக் காட்டிக் கொடுத்தேன். விரல் நுனி ஹாண்டிலைத் தொட்டது. கம்பி பிரேக்கை நான்கு விரல்களாலும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். பிறகு குர்ட்டனில் செய்வதுபோல பெடல்களை மட்டமாக்கி, முழங்கையை அகட்டி, சீற்றில் படாமல் எழுந்து நின்றபடி சரிவில் இறங்கத் தொடங்கினான். படலையடியில் நின்ற அம்மா பதறிப்போய், தெரு முழுவதும் கேட்கக் கத்தினார்: "இருந்து ஓடு ராசா! இருந்து ஓடு!"