எழும்பூர் அருங்காட்சியகக் கோடை முகாமில் பயிற்சி மாணவியாக

ஓவியக் கல்லூரியில் சிற்பம் படித்துக்கொண்டிருந்தபோது, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் சிறுவர்களுக்காக நடந்த கோடைக் கலை முகாமில் பயிற்சி மாணவியாகப் பணிபுரிந்தேன். துறைத் தலைவரின் கடிதத்தையும் என் சிற்பங்கள் சிலவற்றின் படங்களையும் கொடுத்த பிறகு ஒரு சிறிய நேர்காணல் நடந்தது. அதில் என் படிப்பைப் பற்றி அதிகம் கேட்கவில்லை; காட்சிக்கூடத்தில் ஒரு குழந்தை ஓடத் தொடங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நின்று பார்ப்பதற்கு ஒரு காரணம் கொடுப்பேன் என்று சொன்னேன். அந்தக் காரணத்தைத் தேடுவதே அந்த மே மாதம் முழுவதும் என் வேலையாயிற்று.

முகாம் தொடங்குமுன் எங்களுக்குச் சொல்லப்பட்ட விதிகள் சிலவே. காட்சிக்கூடத்துக்குள் பென்சில் மட்டுமே அனுமதி. மையும் வண்ணமும் வெளியே உள்ள பட்டறையோடு சரி. எதையும் தொடக் கூடாது. 'தொடாதே' என்று மட்டும் சொன்னால் குழந்தைகளின் கை நிச்சயம் நீளும். ஆகவே, வியர்வையில் உள்ள உப்பு சிலைகளின் செப்புக் கலவையை மெல்ல அரித்துவிடும் என்று விளக்கி, அவரவர் உள்ளங்கையை முகர்ந்து பார்க்கச் சொன்னோம். அதன்பிறகு அவர்களே ஒருவரையொருவர் காவல் காத்தார்கள், சில நேரங்களில் பொதுப் பார்வையாளர்களையும் அதட்டினார்கள்.

1851இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் சிற்பங்களும் ஓவியங்களும் மட்டுமல்ல, கற்காலக் கருவிகளும் விலங்கியல் கூடங்களும் உண்டு. திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்காமல் எந்தக் குழந்தையும் வேறொன்றைப் பார்க்கச் சம்மதிக்காது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டதால், அதை முதலில் காட்டிவிட்டுத்தான் செப்புத் திருமேனிகளிடம் அழைத்துச் சென்றோம்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் அமரவைத்து, பெயரோ காலமோ எதுவும் சொல்லாமல், கைகளை மட்டும் எண்ணச் சொன்னேன். மூன்று என்ற விடை வந்ததும் பெரும் சச்சரவு எழுந்தது: ஒரு கை உடைந்துவிட்டது என்றான் ஒருவன், எண்ணத் தெரியவில்லை என்றாள் அவன் தங்கை. இரண்டு கைகள் ஒரு பக்கமும் ஒரு கை மறுபக்கமும் இருப்பதைக் கண்டு, பிறகு இடுப்பின் வளைவும் ஆடையும் இரு பக்கமும் வேறுபடுவதைக் கண்டு, "அக்கா, இது ரெண்டு பேர்!" என்று ஒரு சிறுமி கத்தியபோது, நான் சொல்லவிருந்த செய்தியில் பாதியை அவர்களே சொல்லி முடித்திருந்தார்கள்.

வடக்குப்பனையூர் இராமரிடம் இந்த முறை இன்னும் நன்றாகப் பலித்தது. வில்லும் அம்பும் இல்லாமல், அவற்றைப் பிடித்த பாவனையில் மட்டும் நிற்கும் அந்தத் திருமேனியைப் போலவே நின்று காட்டும்படி கேட்டால், ஒரு கை உயர்ந்தும் மறு கை தாழ்ந்தும் இருப்பதன் காரணம் குழந்தையின் தோளுக்கே புரிந்துவிடுகிறது. திருவாலங்காட்டு நடராசர் முன் வந்ததும், வீட்டுப் பொம்மையைச் சுற்றியிருக்கும் தீ வட்டம் இங்கே எங்கே என்று கேட்டார்கள். அது காலப்போக்கில் தொலைந்துபோயிருக்கிறது என்றதும், தங்கள் தாளில் அவர்களே அதை வரைந்து சேர்த்துக்கொண்டார்கள்.

மெழுகு வார்ப்பை விளக்கும் பட்டறைதான் உடலை வருத்தியது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிய பின் உலோகத்தை ஊற்றுவது சுவாமிமலை சிற்பிகளின் வழக்கம். எங்கள் முகாமில் உலோகத்துக்கும் நெருப்புக்கும் இடமில்லை. மெழுகு உருவத்தோடு நிறுத்திக்கொண்டோம். சென்னை வெயிலில் மெழுகு பிசைந்த மாவாகக் குழைந்து போனதால், ஒவ்வொரு மேசையிலும் தண்ணீர்த் தட்டு வைத்து, அவ்வப்போது உருவத்தை அதில் அமிழ்த்தி எடுக்கச் சொன்னோம். ஆறேழு வயதினருக்குக் களிமண்ணே போதும் என்பது என் கருத்து. மெழுகு அவர்களுடைய விரல்களின் அழுத்தத்துக்கு இணங்குவதில்லை, பொறுமையும் விரைவில் தீர்ந்துவிடுகிறது.

பெற்றோரைச் சமாளிப்பது வேறொரு வேலை. மாலையில் அழைத்துப்போக வருபவர்களில் பலர், "இன்னிக்கு என்ன செஞ்சான்?" என்று கேட்டு, வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு பொருளை எதிர்பார்த்தார்கள். காலை முழுவதும் ஒரே சிலையைப் பார்த்தான் என்ற பதில் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. எனவே அன்றன்று வரைந்த தாளைக் கொடுத்து, வீட்டில் யாராவது ஒருவர் அந்தச் சிலையைப் பற்றிப் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். சிலர் ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தோடு வந்து, பிள்ளையை முன்னே நடக்கவிட்டுப் பின்தொடர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை என்பதை அறியாமல் வந்து வாயிலோடு திரும்பியவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட பணிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள், முகாம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே ஒரு சாதாரணப் பார்வையாளராகச் சென்று, தாங்கள் ஒரு மணி நேரம் நிற்கக்கூடிய நான்கைந்து பொருள்களைத் தேர்ந்துகொள்ளட்டும். ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லாமல் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதிவைத்துக்கொண்டால் நேர்காணலுக்கும் முகாமுக்கும் அது உதவும். கூடவே, சீவிய பென்சில்களைத் தேவைக்கு இருமடங்காக எடுத்துச் செல்லுங்கள்; அவை பத்தே நிமிடத்தில் முனை உடைகின்றன, காட்சிக்கூடத்துக்குள் சீவுவதற்கு அனுமதியில்லை.