நடனத்துக்கு எதற்கு டிகிரி?

"ஏன் மேடம், அரங்கேற்றம்தான் முடிஞ்சாச்சே, அப்புறம் எதுக்கு இதுல ஒரு டிகிரி?" பரதநாட்டியம் எம்.ஏ.வில் பெண்ணைச் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஏழெட்டு வயதில் தட்டடவு என்ற முதல் காலடிப் பாடத்தில் தொடங்கி, பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் ஒரு கச்சேரிக்கான உருப்படி வரிசையான முழு மார்க்கமும் மேடையில் ஆடிவிட்ட பெண்ணுக்குப் பல்கலைக்கழகம் புதிதாக என்ன தந்துவிடப் போகிறது?

நட்டுவாங்கம் என்பேன், அதாவது தாளம் தட்டி, ஜதிச் சொற்களைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் வித்தை. அதை மட்டும் ஒழுங்காகத் தந்தாலே போதும்.

எங்களிடம் வரும் பிள்ளைகள் நன்றாக ஆடுகிறவர்கள். முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி நன்றாக இறங்கியிருக்கும், கை சுத்தமாக இருக்கும். அவர்களை உட்கார வைத்து, கையில் தட்டும் தாளக்கருவியைக் கொடுத்து, இத்தனை வருடம் ஆடிய அதே தீர்மானத்தை, அதாவது அடவுகளை முடித்துவைக்கும் ஜதியை, சொல்லச் சொன்னால் திணறுகிறார்கள். ததிங்கிணதொம் என்ற சொல்லுக்கு 5 மாத்திரை, மூன்று முறை வந்தால் 15 மாத்திரை. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் ஓர் எண்ணிக்கைக்கு 4 மாத்திரை என்று வைத்தால், ஐந்தாவது எண்ணிக்கையில் ஒரு மாத்திரை விட்டு எடுக்க வேண்டும், அப்போதுதான் மூன்றாவது முறை முடிந்ததும் தாளத்தின் முதல் அடியான சமம் வந்து நிற்கும். காலுக்கு இது பழக்கத்தில் தெரியும், எங்கே எடுக்கிறோம் என்று வாயால் சொல்லத் தெரியாது. அதோடு நட்டுவாங்கம் என்பது எட்டு எண்ணிக்கையைத் தட்டிக்கொண்டிருப்பதும் இல்லை, அடவு வரும்போது ஆடுபவரின் கால் எப்படித் தட்டுகிறதோ அப்படியே தட்ட வேண்டும், அபிநயம் வந்ததும் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். ஜதி வாயில், கால் கையில், கண் ஆடுபவர் மேல், காது பாடுபவர் பக்கம். இதைப் பழகிவிட்டு அதே உருப்படியை மறுபடி ஆடும் பிள்ளையைப் பாருங்கள், ஆட்டமே வேறாக இருக்கும்.

இன்னொன்று, இது யாருடைய அறிவு என்ற கேள்வி. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் மார்க்கத்துக்கு வடிவம் கொடுத்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர், நட்டுவனார்கள். அதை ஆடி வந்தவர்கள் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள். 1931ல் சென்னை மியூசிக் அகாடமியில் ஆடிய கல்யாணி சகோதரிகள் அந்த மரபில் வந்தவர்கள்தான். 1947ல் சட்டம் வந்தது, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவது நின்றது, அது நிற்க வேண்டியதுதான், ஆனால் அந்தக் குடும்பங்களிடமிருந்து ஆட்டமும் போய்விட்டது. பத்து வருடம் நடனம் படித்த பிள்ளைகள் இதையெல்லாம் எங்கள் வகுப்பில்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு வருடமும் வேதனையாக இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த முன்னுதாரணம் குஜராத்தின் பரோடா. 1880 வாக்கில் தஞ்சாவூர் இளவரசி பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாடை மணந்து போனபோது கௌரா, காந்திமதி என்ற ஆடல் மகளிரும் சீரோடு சீராக அங்கே போனார்கள். அந்தக் காந்திமதியின் மகன் குபேர்நாத் தஞ்சோர்கர் பிற்காலத்தில் பரோடா பல்கலைக்கழகத்திலேயே பாடம் சொன்னார். பரம்பரையில் வந்த வித்தைக்குப் பல்கலைக்கழகத்துக்குள் ஓர் இடம் கிடைத்தது. அதே பரோடாவில் பேராசிரியராகவும் டீனாகவும் இருந்தவர் சி.வி. சந்திரசேகர். சென்னை கலாக்ஷேத்ராவில் நடனம், பனாரஸில் தாவரவியல் எம்.எஸ்சி. ஆடுவார், பாடுவார், ஜதி சொல்வார், 80 வயதுக்கு மேலும் ஆடினார். நடனப் பேராசிரியர் என்றால் என் மனதில் வருவது அவர்தான்.

இப்போது நடப்பது வேறு. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வில் நடனமும் நாடகமும் அரங்கமும் ஒரே பாடம், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தேறி வருபவருக்கு ஓர் அலாரிப்புக்காவது நட்டுவாங்கம் செய்ய வருமா என்று அந்தத் தேர்வு கேட்பதே இல்லை. செமஸ்டர் கணக்கும் நடனத்துக்கு ஒத்துவராது. மேடையில் முக்கால் மணி நேரம் போகும் ஒரு வர்ணத்தை நாலு மாதத்தில் கற்று, ஆடி, மார்க் வாங்கி, மறந்தும் விடலாம். அடவு வந்துவிடும், ஒரே வரியைப் பல விதமாக விரித்து அபிநயம் பிடிக்கும் சஞ்சாரி வராது. "அவரை வரச் சொல்லடி" என்று ஒரு வரி இருந்தால் அதைக் கெஞ்சியும் சொல்லலாம், கோபித்தும் சொல்லலாம், கேட்கவே வெட்கப்பட்டும் சொல்லலாம், இதெல்லாம் ஊற ஊறத்தான் வரும். 1962ல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் சொல்லப் போன பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, தானே பாடிக்கொண்டு அபிநயம் பிடிப்பவர். நானும் என் வகுப்பில் வரியைப் பாடச் சொல்லிவிட்டுத்தான் கையைத் தூக்க விடுகிறேன். குரல் சுமாராக இருந்தால் பரவாயில்லை, வரியைப் பாடும் விதமான சங்கதி மாறும்போது முகமும் தானாக மாறுகிறது.

ஆக, இந்த வருடம் எம்.ஏ. சேர நினைப்பவர்கள் விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒருநாள் நேரில் போய் வகுப்பைப் பாருங்கள். பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் ஆள் உட்கார்ந்திருக்கிறார்களா, இல்லை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆடுகிறார்களா? நட்டுவாங்கம் எல்லா செமஸ்டரிலும் இருக்கிறதா, கடைசியில் பேருக்கு ஒரு தாளா? இரண்டுக்கும் பதில் சரியில்லை என்றால், அந்தப் பணத்தோடு நல்ல நட்டுவனார் ஒருவரிடம் போய் இரண்டு வருடம் உட்காருங்கள்.