மூளை-கணினி ஹேக்கத்தானில் தலையைக் கொடுக்கப்போவது யார்?

மூளையின் மின்சிக்னலால் கணினியை இயக்கும் கருவியைக் குழுவாகச் சேர்ந்து குறுகிய நேரத்தில் செய்து பார்க்கும் மூளை-கணினி இடைமுக ஹேக்கத்தானுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, பைத்தான் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், மெஷின் லேர்னிங் படித்திருக்க வேண்டுமா என்பதுதான். நான் ஒன்றில் கலந்துகொண்டு வந்த பிறகு திருப்பிக் கேட்பது வேறு: உங்கள் குழுவில் தலையைக் கொடுக்கப்போவது யார்? தலைத்தோலிலிருந்து மூளையின் மின்சிக்னலை அளக்கும் ஈஈஜி தொப்பியை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் திரையைப் பார்க்கப்போகிறவர் யார், அவர் எவ்வளவு நேரம் தாங்குவார், அவர் சொல்வதை மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்பார்களா? நிரல் எழுதுகிறவர், டிசைன் பண்ணுகிறவர், மேடையில் பேசுகிறவர் என்று எல்லாப் பொறுப்பையும் பிரித்துக்கொள்ளும் குழுக்கள் இதை மட்டும் கடைசி நிமிடத்தில், சும்மா இருக்கிற யாராவது ஒருவர் தலையில் கட்டிவிடுகின்றன. எங்கள் அனுபவத்தில் எல்லாமே அந்த ஒருவரைச் சுற்றித்தான் நடந்தது.

24 மணி நேர நிகழ்ச்சி. சாதனத்தை அமைப்பாளர்களே கொடுத்தார்கள்: 8 சேனல், ஒவ்வொரு சேனலிலும் விநாடிக்கு 250 அளவீடுகள். முன்பின் தெரியாத ஐந்து பேரை ஒரு குழுவாகச் சேர்த்தார்கள். நான் எலக்ட்ரானிக்ஸ், இரண்டு பேர் புரோகிராமர்கள், ஒருவர் பிசியோதெரபிஸ்ட், இன்னொருவர் டிசைன் படிக்கும் மாணவி, குழுவிலேயே வயதில் சின்னவர். பிசியோதெரபிஸ்ட் அக்கா பக்கவாதம் வந்தவர்களோடும் தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயாளிகளோடும் வேலை செய்பவர். மற்றவர்கள் நினைப்பாலேயே கார் ஓட்டும் விளையாட்டு, டிரோன் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு 'தண்ணீர், வலி, திருப்பிப் படுக்க வை, ஆளைக் கூப்பிடு' என்று எழுதி நீட்டினார். பேச முடியாதவருக்கு இந்த நாலும் இருந்தால் ஒரு ராத்திரியை ஓட்டிவிடலாம் என்றார். அதற்கு மேல் விவாதமே நடக்கவில்லை.

எந்த வழியில் செய்வது என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. கையை அசைப்பதாக மனதில் நினைத்தால் தலையின் பக்கவாட்டில், சி3, சி4 என்று குறிக்கும் இடங்களில், ஒரு தாளம் தணியும், அதைப் பிடிக்கலாம். ஆனால் அதற்குப் பயிற்சி வேண்டும், பயிற்சி கொடுத்தாலும் கணிசமான பேருக்கு அது சரியாக வருவதில்லை, ஒரே நாளில் அந்தப் பந்தயம் வேண்டாம் என்று விட்டோம். பி300 முறை 1988இல் ஃபார்வெல், டோன்சின் இருவரும் எழுத்துப் பலகையாகச் செய்து காட்டியது. எதிர்பார்த்த எழுத்து பளிச்சிட்ட சுமார் 300 மில்லிவிநாடிக்குப் பிறகு எழும் அலையை அது தேடும். அது சிறிய அலை என்பதால் பல தடவை பளிச்சிட வைத்துச் சராசரி எடுக்க வேண்டும், எப்போது பளிச்சிட்டது என்ற நேரக் குறியும் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். மிஞ்சியது எஸ்எஸ்விஈபி. ஒவ்வொரு கட்டமும் வெவ்வேறு வேகத்தில் மினுங்கும், நீங்கள் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறீர்களோ அதே வேகம் பின்மண்டையில் பார்வைப் பகுதி மேல் வைத்த எலக்ட்ரோடுகளில் தெரியும். பயிற்சி அநேகமாகத் தேவையில்லை, சிக்னலும் வலுவானது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு, அதை அக்கா உடனே சொன்னார்: கண்ணை நகர்த்த முடியாதவருக்கு இது உதவாது. அதை மறைக்காமல் டெமோவில் முதல் வரியாகவே சொல்ல வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தோம். மினுங்கும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும் என்பதால், யாருக்காவது முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்று குழுவில் மட்டுமல்ல, எங்கள் திரை கண்ணில் படும் பக்கத்து மேசைக்காரர்களிடமும் கேட்டுக்கொண்டோம். இதைச் செய்யாமல் மினுக்கத்தை ஓடவிடவே கூடாது.

அப்புறம் தலை. ஒவ்வொருவராகத் தொப்பியைப் போட்டுப் பார்த்தோம். கண்ணை மூடினால் பின்மண்டையில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான ஆல்ஃபா அலை பொங்கி வரும், திறந்தால் அடங்கும். 1929இல் ஹான்ஸ் பெர்கர் மனித ஈஈஜி பற்றி வெளியிட்ட முதல் கட்டுரையிலேயே வரும் அலை அது, இன்றைக்கும் எலக்ட்ரோடு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அது ஒரு எளிய வழி. டிசைன் மாணவிக்கு 10 ஹெர்ட்ஸில் ஊசி மாதிரி உச்சம் எழுந்தது. எனக்கு ஏதோ இருக்கிறது என்று சொல்லும் அளவுக்குத்தான். இதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை, மண்டையோடும் மூளை மடிப்பும் ஆளுக்கு ஆள் மாறும், அவ்வளவுதான்.

"நானே போட்டுக்கிறேன், ஆனா நான் போதும்னு சொன்னா யாரும் இன்னும் ஒரே ஒரு தடவைன்னு கேட்கக் கூடாது" என்றார் மாணவி. அக்கா அதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டினார். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் சேர்த்தோம்: தொப்பியில் இருப்பவருக்கு அரை மணிக்கு ஒருமுறை ஓய்வு, பதிவான ஈஈஜி கோப்புகள் அவருக்குச் சொந்தம், நிகழ்ச்சி முடிந்ததும் வைத்திருப்பதா அழிப்பதா என்று அவரே சொல்வார்.

தொப்பி வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல குழுக்கள் இங்கேதான் அவசரப்பட்டார்கள். தலைத்தோலில் கிடைக்கும் சிக்னல் சில பத்து மைக்ரோவோல்ட்தான், ஒரு கண்சிமிட்டலே 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும், பல்லைக் கடித்தால் திரை முழுக்கப் புல் முளைத்த மாதிரி ஆகிவிடும். முடியை வகிடு எடுத்து ஒதுக்கி, தோல் தெரிந்த பிறகுதான் ஜெல் விட வேண்டும். ஜெல் கூடிப்போனால் பக்கத்து எலக்ட்ரோடு வரை வழிந்து இரண்டும் ஒன்றாகிவிடும். எங்களுக்குத் தேவையான ஓ1, ஓஇசட், ஓ2 என்ற மூன்று எலக்ட்ரோடு இடங்களும் முடி அடர்ந்த பின்மண்டையில், அதனால் பொறுமையாகச் செய்தோம். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓடவிட்டதும் மின்சார இரைச்சல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது. மிச்சத்தை, அந்த இரைச்சலின் அலைவரிசையை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் பார்த்துக்கொண்டது. நாற்காலியை மாற்றிக் கழுத்துக்குச் சாய்மானம் கொடுத்தது இன்னும் பெரிய பலன், ஏனென்றால் கழுத்துத் தசை இறுகினால் அது நேராகப் பின்மண்டை எலக்ட்ரோடுகளில்தான் வந்து கலக்கும். அந்த நாற்காலி யோசனையும் தொப்பியில் இருந்தவர் சொன்னதுதான்.

மினுக்க வேகத்தை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 60 ஹெர்ட்ஸ் திரை என்றால் 60ஐ முழு எண்ணால் வகுத்து வரும் வேகங்கள்தான் சுத்தமாக வரும்: 6.67, 7.5, 8.57, 10, 12, 15. அதிலும் 7.5ஐயும் 15ஐயும் சேர்த்து வைக்கக் கூடாது, 7.5ஐப் பார்த்தால் மூளையில் அதன் இரட்டிப்பான 15உம் சேர்ந்து எழுந்து குழப்பும். முதலில் 7.5, 8.57, 10, 12 என்று எடுத்தோம். கட்டத்தை வெறுமனே அணைத்துப் போடாமல் வெளிச்சத்தை சைன் அலையாக ஏற்றி இறக்கியது மாணவியின் வேலை. கண்ணுக்கு இதமாக இருந்தது, 8.57க்கு வேண்டிய 7 ஃபிரேமை (திரை காட்டும் 7 படங்களை) ஒளிர்வதற்கும் அணைவதற்கும் சரிபாதியாகப் பிரிக்க முடியாத சிக்கலும் தீர்ந்தது.

முன்னிரவு வரை நன்றாக ஓடியது. நள்ளிரவுக்குப் பிறகு எதைப் பார்த்தாலும் 'வலி' என்றே வரத் தொடங்கியது. புரோகிராமர்கள் இருவரும் நிரலுக்குள் தேட ஆரம்பித்தார்கள், நான் வயர்களைப் பார்த்தேன். அப்போது தொப்பியில் இருந்த மாணவி சொன்னார்: "அண்ணா, நான் தண்ணீரைத்தான் பாக்கிறேன். ஆனா கண்ணு சொருகுது, அப்பல்லாம்தான் வலின்னு வருது." அந்த ஒரு வாக்கியத்தில் விடை இருந்தது. 'வலி' கட்டம் 10 ஹெர்ட்ஸ், அவருடைய சொந்த ஆல்ஃபா உச்சமும் 10 ஹெர்ட்ஸ். களைப்பில் கண் சொருகும்போது ஆல்ஃபா ஏறும், நிரல் அதைக் கட்டத்தின் மினுக்கம் என்று எடுத்துக்கொள்ளும். 10ஐத் தூக்கிவிட்டு 6.67 வைத்தோம், சரியாகிவிட்டது. எந்த வரைபடமும் இதை அவ்வளவு சீக்கிரம் காட்டியிருக்காது. படுக்கையில் கிடக்கும் நோயாளி எப்போதுமே களைப்பாகத்தான் இருப்பார் என்று அக்கா சொன்னபோது, களைத்த நிலையிலும் சோதித்தது எவ்வளவு நல்லது என்று புரிந்தது.

அலையைப் பிரித்தறிய சிசிஏ என்ற பழைய கணித முறையையே வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வேகத்துக்கும் சைன், கொசைன் அலைகளை உருவாக்கி, 4 விநாடி ஈஈஜி எதோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்க்கும், பயிற்சித் தரவே வேண்டாம். ஒரு புரோகிராமர் தரவிலிருந்து தானே கற்கும் நியூரல் நெட்வொர்க் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார், பார்க்கவும் செய்தார். அதில் ஒரு கண்டிப்பு வைத்தோம்: ஒரே பதிவிலிருந்து வெட்டிய துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலக்கக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிய துண்டுகளைக் குலுக்கிப் போட்டுப் பிரித்தால் மாடல் விடையைப் பார்த்து எழுதிய மாதிரிதான், துல்லியம் அழகாக வரும், நேரலையில் ஒன்றும் நடக்காது. ஹேக்கத்தான்களில் அசத்தலான எண்கள் தெரிந்தால் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான். தனித்தனிப் பதிவுகளாகப் பிரித்துச் சோதித்ததில் சிசிஏ ஜெயித்தது.

இன்னொரு முடிவு, எனக்கு மிகவும் பிடித்தது: முதலிடம் வந்த கட்டத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் வித்தியாசம் போதவில்லை என்றால் எங்கள் நான்கு கட்டப் பலகை எதையும் சொல்லாமல் காத்திருக்கும். நான்கு தெரிவில் எல்லாம் சரி என்றால் ஒரு தெரிவுக்கு 2 பிட் தகவல். துல்லியம் 85 சதவீதமாகக் குறைந்தாலே அது சுமார் 1.15 பிட் ஆகிவிடும். தப்பான பதிலின் விலை அவ்வளவு. நோயாளி தண்ணீர் கேட்டு, வலி மருந்தோடு ஆள் வந்து நின்றால் அதைத் திருத்திச் சொல்ல அவருக்கு வேறு வழி இல்லை. மெதுவாக வந்தாலும் பரவாயில்லை, தப்பாக வரக் கூடாது என்று அக்கா பிடிவாதமாக நின்றார், அவர் நின்றதுதான் சரி.

டெமோ ஐந்து நிமிடம். அரங்கில் எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் புளூடூத் சாதனங்களை ஓடவிட்டிருந்ததால் டேட்டா விட்டுவிட்டு வந்தது. ரிசீவரை ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் மாட்டித் தலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் அது சரியாகிவிட்டது. நேரலையில் நான்கு கட்டமும் வேலை செய்தன, ஒன்று மட்டும் வர நேரம் எடுத்தது. பரிசு வேறு குழுவுக்குப் போனது, நல்ல வேலை அது, நானும் கைதட்டினேன். எங்களுக்குக் கிடைத்தது நடுவர் ஒருவர் கேட்ட கேள்வி. மற்ற எல்லாரையும் விட்டுத் தொப்பியில் இருந்தவரிடம் நேராகக் கேட்டார்: "பார்க்கப் பிடிக்காதபோது இதை நீங்களே எப்படி நிறுத்துவீர்கள்?" எங்களிடம் பதில் இல்லை. பலகையைப் போடுவதும் அணைப்பதும் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருந்தது.

அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். கண்ணை மூடினால் எழும் ஆல்ஃபாவையே சுவிட்சாக வைக்கலாம் என்பது என் யோசனை. நோயாளி தூங்கப் போனாலும் பலகை எழுந்துகொள்ளுமே என்று அக்கா மறுத்தார், அதனால் நீளமாக மூடி, திறந்து, மறுபடி மூடித் திறந்தால் மட்டும் என்று மாற்றினோம். இந்தத் தடவை ஐந்து பேரும் முறை வைத்துத் தொப்பி போட்டுக்கொள்கிறோம். டிசைன் மாணவியின் தலையில் அது முதல் நாளே வேலை செய்துவிட்டது, ஆனால் ஆல்ஃபா குறைவாக இருக்கிற என் தலையிலும் நம்பகமாக வேலை செய்கிற வரை அதை யாரிடமும் கொண்டுபோகப் போவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டார்.