போர் போடப் போருக்குப் போன கதை

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டி ஆப்பிரிக்கா போவது எங்கள் ஊரில் பெரிய செய்தி இல்லை. ஆனால் 2012 மார்ச்சில் நாங்கள் கொண்டுபோனது தெற்கு சூடானுக்கு. நாடு பிறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சேர வேண்டிய ஊரின் பெயர் போர். "போர் போடப் போருக்குப் போறோம்" என்று டிரில்லர் அண்ணன் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். (2013 டிசம்பரில் அங்கே நிஜமாகவே போர் மூண்டு, ஊர் பலமுறை கைமாறியது. நல்லவேளை, நாங்கள் அதற்குள் திரும்பிவிட்டோம்.)

உகாண்டாவின் கம்பாலா, குலு வரை வெறும் காகித வேலை. நிமுலே எல்லை தாண்டி தெற்கு சூடானுக்குள் நுழைந்ததும் இடதுபுறம் ஓட்டிவந்த வண்டியை வலதுபுறம் ஓட்ட வேண்டும். குடிநீர்த் திட்டத்துக்கான வண்டி என்பதால் தலைநகர் ஜூபாவில் வரிவிலக்குக் கடிதம் வாங்கி வைத்திருந்தோம். எல்லையில் அதை மதித்து விட்டுவிட்டார்கள். ஜூபாவுக்கு 192 கிலோமீட்டர்தான். தார் போடும் வேலை நடந்துகொண்டிருந்தாலும் இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் கயிறுகள் வந்தன. ரோட்டின் குறுக்கே ஒரு கயிறு, நடுவில் பாலிதீன் பை கட்டியிருக்கும். அதுதான் செக்போஸ்ட். ஓரிடத்தில் மரத்தடியில் மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேலே ராணுவச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னையே படிக்கச் சொன்னார். முழுக்கப் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல கடிதம். ஆனால் இது ஜூபா கடிதம். நீ நிற்பது எங்கள் கவுண்டி." கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி.

ரசீதுப் புத்தகத்தில் பழைய சூடான் அரசின் பெயர் அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு எழுதினார். பேடு காய்ந்திருந்ததால் ரப்பர் ஸ்டாம்பை வாயருகே வைத்து ஊதி ஊதி அழுத்தினார். "குருஷ் மாஃபி" என்றார். காசு இல்லை என்று அர்த்தம். சம்பளம் வந்து நான்கு மாதமாம்.

நான் நம்பினேன். பைப்லைன் கட்டணத் தகராறில் அரசே ஜனவரியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தியிருந்தது. அப்போது அரசு வருமானத்தில் சுமார் 98 சதவீதம் எண்ணெய்தான். கடலே இல்லாத நாடு. குழாய் போவதோ பிரிந்துவந்த சூடான் வழியாக. கொடி வந்துவிட்டது, புது நோட்டு வந்துவிட்டது, ஐ.நா.வில் 193ஆவது இடமும் கிடைத்துவிட்டது. அந்த மரத்தடிவரை சம்பளம்தான் வரவில்லை. அவரவர் நிற்கிற இடத்தில் அவரவர் வசூல். எனக்கும் கோபம் வந்தது, ஆனால் அந்தச் செருப்பைப் பார்த்த பிறகு சத்தம் போட மனசு வரவில்லை.

ஜூபா சேர இரண்டு நாள் ஆனது. அங்கே இன்னும் பெரிய கையெழுத்தோடு புதுக் கடிதம் வாங்கலாம் என்று நான் அலைந்தபோது, உகாண்டா டிரைவர்தான் தடுத்தார். பெரிய ஆள் வேண்டாம், பக்கத்து ஆளைப் பார் என்றார். அவர் பேச்சைக் கேட்டு, வழியில் இருந்த கவுண்டி கமிஷனர் ஒருவரை முதலில் போய்ப் பார்த்தோம். டீ கொடுத்தார். நோட்டுப் புத்தகத்தில் கால் தாள் கிழித்து நாலு வரி எழுதிக் கொடுத்தார். முத்திரைகூட இல்லை. அவர் எல்லை முடியும்வரை அந்தத் துண்டுச்சீட்டுக்குக் கயிறுகள் தானாக இறங்கின. போர் இருக்கும் ஜோங்லேய் மாநிலத்துக்குள் நுழைந்ததும் மறுபடி இன்னொரு கமிஷனர், இன்னொரு டீ.

போகிறவர்களுக்கு ஒன்று: சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், ரசீது கேட்காமல் நகராதீர்கள். ரசீது என்றதும் பாதி இடங்களில் தொகை இறங்கிவிடும். மதியத்துக்கு மேல் போனால் அதே இடத்தில் ரேட்டே வேறு.

ஊர் திரும்பி 14 ரசீதுகளையும் ஆபீஸில் கொடுத்தேன். ஆடிட்டர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல எதுங்க கவர்ன்மென்ட் ரசீது?" என்றார். எல்லாம்தான் என்றேன். இதர செலவு என்று எழுதிக்கொண்டார்.