ஆறுக்காகக் காத்திருந்த ஐந்து

"அண்ணா, பெர்ல் செத்துப்போன மொழின்னு சொல்றாங்களே, நாம ஏன் இன்னும் அதுலயே ஓட்டுறோம்?"

2019-இல் அணிக்குப் புதிதாக வந்த பையன் காலை பத்து மணிக்குக் கேட்டான். அன்று விடியற்காலை மூன்று மணிக்கு, பெர்ல் என்ற கணினி நிரல் மொழியில் எழுதிய எங்கள் ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், முந்தைய நாளின் தொலைபேசி அழைப்புப் பதிவுகளை எல்லாம் படித்து, பிழையானவற்றைப் பிரித்து, பில்லிங் பிரிவுக்கு அனுப்பி முடித்திருந்தது. பன்னிரண்டு வருடமாக அதுதான் அதன் வேலை.

பையன்மேல் தப்பில்லை. லாரி வால் என்ற நிரலாளர் 1987-இல் வெளியிட்ட மொழி இது. 1994-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அந்தக் காலத்து இணையதளங்கள் பல ஓடின. 2000-இல் 'பெர்ல் 6' வரப்போகிறது என்று அறிவித்தார்கள். அடியிலிருந்து புதிதாக எழுதும் வேலை, லேசில் முடியவில்லை. முதல் முழு வெளியீடு 2015 கிறிஸ்துமஸுக்குத்தான் வந்தது. ஐந்து பழசு, ஆறு வரவே இல்லை, அப்படியானால் மொழியே முடிந்தது என்று வெளியே இருந்தவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். உண்மையில் 2010-இலிருந்து ஐந்துக்கு வருடம் தவறாமல் புதுப் பதிப்பு வந்தது. 5.12, 5.14, 5.16 என்று புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்தான் ஏறியது. முன்னால் இருந்த ஐந்து அப்படியே இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

இந்த எண் குழப்பத்தின் விலையை நான் நேரில் பார்த்தேன். 2012-இல் நள்ளிரவைத் தாண்டும் அழைப்புகளைச் சரியாகப் பிரிக்க ஒரு திருத்தம் கேட்டு வாடிக்கையாளரிடம் போனோம். "ஆறு வந்ததும் எல்லாத்தையும் மாத்தி எழுதணுமே, இப்ப எதுக்குச் செலவு?" என்றார் அங்கிருந்த மேலாளர். ஆறு வேறு மொழி, நம் ஸ்கிரிப்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எவ்வளவோ சொன்னேன். ஒரே பெயர், அடுத்த எண். என் பேச்சை யார் நம்புவார்கள்? அந்தத் திருத்தத்தை மூன்று வருடம் கழித்துத்தான் செய்ய முடிந்தது. ஆறை உருவாக்கியவர்களுக்கும் இந்தப் பெயர் பாரம்தான். இலக்கண விதிகளையே நிரலாக எழுதவிடும் அருமையான மொழி அது. அதையும் தாமதமாக வந்த அப்டேட்டாகத்தான் ஊர் பார்த்தது.

2019 அக்டோபரில் அந்தப் புதுப் பையன் என் மேசைக்கு வந்தான். "அண்ணா, பெர்ல் 6-க்கு ராக்குன்னு பேர் மாத்திட்டாங்க." லாரி வாலும் சம்மதித்திருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. பத்து வருடம் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். அதற்குள் எங்கள் அணியில் பெர்ல் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிஞ்சியிருந்தேன்.